ரோமாபுரி வெள்ளிக்காசும் எங்கட கரையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில டெனாரியஸ் எண்ட ரோம வெள்ளிக்காசைப் பற்றி ஒரு சின்னப் பதில் எழுதினதுக்குப் பிறகு கேள்வி கேள்வியா வந்துகொண்டே இருக்கு, அதாலை இந்த முறை முழுப் பக்கத்தையும் காசுக்கே விட்டாச்சு. கிரிக்கெட், சமையல் கேட்டவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, உங்கட பதில் அடுத்த இதழில வரும்.

கேள்வி: டெனாரியஸில ஒரு பக்கம் தலை, மற்றப் பக்கம் ஏதோ ஒரு படம் இருக்கு. அந்தப் படத்தை ஆர் தீர்மானிக்கிறது? சும்மா வடிவுக்குப் போட்டதோ, இல்லாட்டி அர்த்தம் ஏதும் இருக்கோ?
(உயர்தர மாணவி, உடுவில்)

பதில்: வடிவுக்கெண்டு ஒண்டுமே போடேல்லைப் பிள்ளை. பேப்பர் இல்லை, ரேடியோ இல்லை, ஆனா காசு எல்லாற்ற கையிலயும் போகும். பட்டாளத்துக்காரன் கையில, மீன் விக்கிறவன் கையில, தூர தேசத்து யாவாரி கையில. அதில என்ன படம் இருக்கோ அதைச் சனம் பாத்தே ஆகவேணும், இதை ரோமாக்காரர் வடிவா விளங்கி வைச்சிருந்தவை.

ஆரம்பத்தில இவ்வளவு யோசனை இருக்கேல்லை. கி.மு. 211 அளவில, கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹனிபாலோட பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கேக்கதான் டெனாரியஸ் அடிக்கத் தொடங்கினது. முன்பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, பின்பக்கம் ஈட்டியை நீட்டிக்கொண்டு குதிரையில பாயிற காஸ்டர், பொலக்ஸ் எண்ட இரட்டையர், கீழ ஊர்ப்பேர். தேவியின்ர பிடரிக்குப் பின்னால ஒரு பெருக்கல் குறி மாதிரி இருக்கும், அது 10 எண்டு அர்த்தம், அதாவது 10 வெண்கலக் காசுக்கு இது ஒண்டு சமன். கன காலம் உதே படம்தான் ஓடினது.

பேந்துதான் விசயம் சூடு பிடிச்சது. காசடிக்கிற வேலையை வருசா வருசம் மூண்டு இளம் ஆக்களிட்ட குடுக்கிற வழக்கம் அங்க. பெரிய குடும்பத்துப் பொடியள், நாளைக்குத் தேர்தலில நிக்கப்போறவை, அப்ப சும்மா இருப்பினமோ, தங்கட பாட்டன் பூட்டன்ர பெருமையைக் காசில அடிக்கத் தொடங்கிட்டினம். பாட்டன் வெண்ட சண்டை, பூட்டன் கட்டின கோயில், பிடிச்சுக்கொண்டு வந்த ராசா எல்லாம் விரல் நகமளவு வெள்ளியில வரும். இதில எனக்கு எல்லாத்திலயும் மேலாப் பிடிச்சது கி.மு. 82இல மாமிலியஸ் எண்டவர் அடிச்ச காசு. யுலிசிஸ், அதுதான் ட்ரோய் சண்டைக்குப் போய் 20 வருசம் கழிச்சு வீட்டை திரும்பின வீரன், பிச்சைக்காரன் மாதிரித் தொப்பியும் தடியுமா நடந்து வாறார். சொந்த ஊரில ஒருதருக்கும் ஆளைத் தெரியேல்லை. அவர் வளத்த கிழட்டு நாய் ஆர்கோஸ் மட்டும் மணந்து பிடிச்சுத் தலையை நிமித்திப் பாக்குது, இவர் கையை அதை நோக்கி நீட்டுறார். அவ்வளவுதான் படம். கதையில அந்த நாய் அதோடயே செத்துப் போகும். மாமிலியஸ் குடும்பம் தாங்கள் யுலிசிஸின்ர வழியில வந்தவை எண்டு சொல்லிக்கொண்டவை, அதுக்காகத்தான் இந்தப் படம், ஆனா அச்சு வெட்டின கைக்காரன் குடும்பப் பெருமையையும் தாண்டி ஒண்டைச் செய்திருக்கிறான். ஊரை விட்டுப்போய்க் கன வருசம் கழிச்சு வந்து சொந்தப் படலையில நிண்ட ஆக்கள் எங்களுக்குள்ள எத்தினை பேர், அவைக்கு இந்தக் காசை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்தக் காசின்ர விளிம்பையும் பாக்கவேணும், சுத்திவர வாள்ப்பல்லு மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், அந்தக் காலத்தில சில வரிசைக் காசுகளை அப்பிடி வெட்டி விட்டவை.

சீசர் வந்தாப் பிறகு எல்லாம் மாறுது. கி.மு. 49இல உள்நாட்டுச் சண்டை தொடங்கினதும் அவர் தன்ர பட்டாளத்துக்குச் சம்பளம் குடுக்க அடிச்ச காசில ஒரு யானை பாம்பு மாதிரி ஒண்டை மிதிச்சுக்கொண்டு நிக்குது, கீழ 'சீசர்' எண்ட ஒரே சொல்லு, பின்பக்கம் பூசைச் சாமான்கள், ஏனெண்டா அவர் தலைமைப் பூசகரும்தான். விளக்கம் ஒண்டும் இல்லை, தேவையும் இல்லை. கி.மு. 44இல தன்ர முகத்தையே போட்டார். ரோமாபுரியில உயிரோட இருக்கிற ஒரு மனிசன்ர முகத்தைக் காசில போடுறது அதுக்கு முந்தி இல்லாத வேலை, ராசாவா வரப்பாக்கிறார் எண்டு பயந்தவைக்கு அதுவும் ஒரு சாட்சி. அந்த வருசம் மாசி பங்குனி தாண்டேல்லை, மார்ச் 15 குத்திக் கொண்டுபோட்டினம். குத்தினவையில ஒராள் புரூட்டஸ், அவர் ரண்டு வருசத்துக்குள்ள அடிச்ச காசில ரண்டு குத்துவாள், நடுவில அடிமையை விடுதலை செய்யேக்க போடுற தொப்பி, கீழ 'எயித் மார்', அதாவது அந்த மார்ச் 15. கொலையை விடுதலை எண்டு சொல்லுற காசு. ஆனா முன்பக்கம் திருப்பிப் பாருங்கோ, அதில புரூட்டஸின்ர சொந்த முகம் கிடக்கு. ராசா வேண்டாம் எண்டு சீசரைக் கொண்டவரும் ராசா செய்ததையே செய்திருக்கிறார். ஒரு காசின்ர ரண்டு பக்கமும் ஒண்டை ஒண்டு மறுக்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் காணேல்லை.

சக்கரவர்த்தியள் காலத்தில படம் இன்னும் நேரா வரும். எகிப்தைப் பிடிச்ச உடன கி.மு. 28இல ஒகஸ்டஸ் முதலைப் படம் போட்டு 'எகிப்து பிடிபட்டது' எண்டு எழுதினார். கி.பி. 70இல எருசலேம் விழுந்ததுக்குப் பிறகு வெஸ்பாசியன் காசில ஒரு யூதப் பெண் குந்தியிருந்து அழுகிறா. தோத்த சனத்தின்ர கண்ணீரைச் சில்லறையாக்கிச் சந்தையில உலாவ விட்டவை, அதைப் பாக்கேக்க எனக்குச் சரியான கவலையா இருக்கும். மற்றும்படி சமாதானம், வெற்றி, அதிர்ஷ்டம், நீதி எல்லாத்தையும் பெண் தெய்வமாப் போடுவினம். கையில என்ன இருக்கெண்டு பாத்தால் ஆளைப் பிடிக்கலாம். தராசு எண்டால் நீதியான அளவு, கப்பல் சுக்கான் எண்டால் அதிர்ஷ்டம், ஒலிவ் கொப்பு எண்டால் சமாதானம், செட்டை முளைச்சிருந்தா வெற்றி.

கேள்வி: கந்தரோடையில ரோமாக்காரற்ற காசு எடுத்தவை எண்டு அப்பப்பா சொல்லுவார். உண்மையோ? அப்ப ரோமாக்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்தவையோ?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: அப்பப்பா சொன்னது உண்மை. போல் ஈ. பீரிஸ் எண்ட நீதவான் 1917, 1919 ஆண்டுகளில வெளியிட்ட கட்டுரையளிலயே கந்தரோடைக் காசுகளைப் பற்றி இருக்கு. முத்திரை குத்தின பழைய இந்திய வெள்ளிக்காசு, லட்சுமி உருவம் போட்ட தகடு, ரோமக் காசு எல்லாம் அந்த மண்ணில கலந்து கிடந்திருக்கு. அதுக்காக ரோமாக்காரர் வந்து குடியிருந்தவை எண்டு சொல்லேலாது தம்பி. காசுக்குக் கால் இருக்கு, பத்துக் கை மாறி வந்திருக்கும்.

ஒண்டைக் கவனிக்கவேணும். இலங்கையில கிடைச்ச ரோமக் காசில பெரும்பங்கு வெள்ளி இல்லை, 4ஆம் 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செம்புக் காசுகள். விழுந்த குதிரைக்காரனை ஈட்டியால குத்துற பட்டாளத்தான், கொடிக்கம்புக்கு ரண்டு பக்கமும் நிக்கிற ரண்டு பேர், சிலுவை, இப்பிடியான படங்கள். அது காணாமல் இஞ்சயே அதைப் பாத்து அடிச்ச நகல்களும் கனக்க இருக்கு. வெள்ளி டெனாரியஸ் குவியல் குவியலாக் கிடைச்சது அங்கால தமிழ்நாட்டுப் பக்கம், முக்கியமாக் கொங்குநாட்டில, கோயம்புத்தூர் வெள்ளலூர், கரூர் எண்டு. மிளகு, முத்து, பச்சைக்கல்லு வாங்க வந்த யவனர் தந்துவிட்டுப்போனது. சங்கப் பாட்டில, அகநானூற்றில, யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போகுதெண்டு சொல்லியிருக்கு. அந்தப் பக்கத்தில பிளினி எண்ட ரோம எழுத்தாளர் இந்தியா வருசம் 5 கோடி செஸ்டெர்ஸ் காசைத் தங்களிட்ட இருந்து உறிஞ்சுது எண்டு ஏசுறார். 4 செஸ்டெர்ஸ் ஒரு டெனாரியஸ். ரண்டு பக்கத்துக் கணக்கும் ஒத்துவருது.

எங்கட தீவைப் பற்றி அதே பிளினி சொல்லுற ஒரு கதை இருக்கு, எல்லாரும் அறியவேண்டியது. செங்கடல் வரி குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் ப்ளொகாமஸ். அவரின்ர ஆள் ஒராள் அரேபியாவைச் சுத்திப் போகேக்க காத்தில அடிபட்டு 15ஆம் நாள் தப்ரபேனில, அதுதான் இலங்கையில, வந்து ஒதுங்கியிருக்கிறார். ராசா ஆறு மாதம் வைச்சுப் பாத்தவர், அவரும் பாசையைப் பழகி ரோமாபுரியைப் பற்றிச் சொன்னவர். ராசாவுக்கு அதில எதிலயும் பெரிசா மனம் போகேல்லை. அவரை மலைக்க வைச்சது அந்த ஆளிட்ட இருந்த டெனாரியஸ் காசுகள். ஒவ்வொண்டிலயும் முகம் வேற வேற, அப்ப வேற வேற ஆக்கள் அடிச்சது, ஆனா நிறுத்துப் பாத்தால் எல்லாம் ஒரே நிறை! இப்பிடி நேர்மையான சனத்தோட உறவு வைக்கவேணும் எண்டு நாலு தூதுவரை கிளோடியஸ் சக்கரவர்த்தியிட்ட அனுப்பினார். ப்ளொகாமஸ் கட்டுக்கதை ஆளும் இல்லை, எகிப்தின்ர கிழக்குப் பாலைவனத்தில அவரின்ர அடிமை ஒராள் கி.பி. 6இல பாறையில வெட்டின எழுத்து இண்டைக்கும் இருக்கு.

நான் அந்த ராசாவை நினைச்சு நினைச்சுப் பாக்கிறனான். எழுத்து விளங்கியிராது, முகம் ஆற்றையெண்டும் தெரியாது, ஆனா முகத்தைப் பாத்து, காசை நிறுத்து, ஒரு அரசாங்கத்தையே கணக்குப் போட்டிருக்கிறார். காசு ஆராய்ச்சி எண்டு இண்டைக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிறதும் இதுதானே.

அவருக்குக் காலமும் வாச்சுது. ஒகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில ஒரு ரோம றாத்தல் வெள்ளியில 84 டெனாரியஸ், ஒண்டு 3.9 கிராம் அளவு, கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. கிளோடியஸுக்கு அடுத்து வந்த நீரோ கி.பி. 64இல அதை 96 ஆக்கினான், ஒரு காசு 3.4 கிராமுக்கு இறங்கிட்டு, செம்பும் கலந்தான். தமிழ்நாட்டுப் புதையல்களில ஒகஸ்டஸ், டைபீரியஸ் முகமே நிரம்பிக் கிடக்கிறதுக்கும் நீரோவுக்குப் பிறகு அடிச்ச வெள்ளி அருமையாக் கிடைக்கிறதுக்கும் இது ஒரு பெரிய காரணம். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் மாதிரித்தான் எங்கட பழைய யாவாரியளும், மாத்துக் குறைஞ்ச சாமானை ஆரெண்டாலும் வாங்கமாட்டினம். பேந்து செப்டிமியஸ் செவரஸ் காலத்தில காசில பாதிதான் வெள்ளி. 215இல கரகல்லா ஒரு புதுக்காசு விட்டார், தலையில சூரியக் கதிர் மாதிரிக் கிரீடம், பெறுமதி ரண்டு டெனாரியஸ் எண்டு சொன்னது, உள்ள இருந்த வெள்ளி ஒண்டரைக்குத்தான் காணும். 270 அளவில அந்தக் காசில நூற்றுக்கு அஞ்சு வீதம் வெள்ளியும் இல்லை, செம்புக்கு மேல வெள்ளிப் பூச்சு. முகம் மட்டும் கடைசிவரை கம்பீரமாத்தான் இருந்தது.

கேள்வி: யூதாசுக்குக் குடுத்த 30 வெள்ளிக்காசும் இந்த டெனாரியஸ்தானோ?
(வாசகி, இளவாலை)

பதில்: இல்லை அக்கா. கோயில் காணிக்கைக்கு எருசலேமில ஏற்ற காசு தீர் பட்டினத்து ஷெக்கல், ஒரு பக்கம் மெல்கார்ட் தெய்வம், மற்றப் பக்கம் கழுகு. அந்த 30உம் அதுவாத்தான் இருக்கவேணும் எண்டுதான் ஆராய்ச்சிக்காரர் கூடுதலாச் சொல்லுறவை. டெனாரியஸ் வாறது வரி கட்டலாமோ எண்டு கேட்ட இடத்தில. "இந்த உருவமும் எழுத்தும் ஆற்றை?" எண்டு இயேசு கேட்டது. அதை டைபீரியஸின்ர காசு எண்டு சொல்லுற வழக்கம். முன்பக்கம் முடி சூடின டைபீரியஸ், பின்பக்கம் கதிரையில இருக்கிற ஒரு அம்மா, ஒரு கையில கோல், மற்றக் கையில கொப்பு. அவரின்ர தாய் லிவியா எண்டுதான் கனபேர் நினைக்கினம். கொங்குநாட்டில தோண்டத் தோண்ட வந்ததும் இதே காசுதான், அப்ப வேதத்தில வாற காசு எங்கட கரைக்குப் பக்கத்திலயே புழங்கியிருக்கு.

கேள்வி: ராணியள், பெண்கள் முகம் போட்ட காசு இருக்கோ?
(வாசகி, கோப்பாய்)

பதில்: கனக்க இருக்கு. பெரிய பவுஸ்தினா செத்தது கி.பி. 140 அளவில, அதுக்குப் பிறகு அவவைத் தெய்வமாக்கி புருசன் அந்தோனினஸ் பயஸ் சக்கரவர்த்தி அடிச்ச வெள்ளி இண்டைக்கும் தாராளமாக் கிடைக்குது. பின்னலை எடுத்து உச்சியில கொண்டையாச் சுத்தி, முத்துச் சரமும் வைச்சிருப்பா. செப்டிமியஸ் செவரஸின்ர பெண்சாதி, சிரியா நாட்டு ஜூலியா டொம்னாவுக்கு அலை அலையா மடிச்ச முடி, பிடரியில பெரிய கொண்டை. எழுத்துத் தேஞ்ச காசிலயும் தலைமயிரைப் பாத்தே காலத்தைச் சொல்லிப்போடலாம், படிக்கத் தொடங்கிறவைக்கு நல்ல இடம் இதுதான்.

கேள்வி: இணைய ஏலத்தில ஒகஸ்டஸ் காசு ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், ரண்டு பொடியள் கேடயத்தோட நிக்கினம். நல்ல காசோ போலியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?
(வாசகர், ஸ்காபரோ)

பதில்: முதல் அந்தப் பொடியள் ஆரெண்டு சொல்லிவிடுறன். கையஸ், லூசியஸ், ஒகஸ்டஸின்ர பேரப்பிள்ளையள், மகன்மாரா எடுத்து வளத்தவர், தனக்குப் பிறகு அவைதான் எண்டு ஊரறியக் காசில போட்டார், நடுவில கேடயமும் ஈட்டியும், மேல பூசைச் சாமான். கி.பி. 2இல தம்பி செத்தான், 4இல தமையன் செத்தான், ராச்சியம் அவர் அவ்வளவு விரும்பாத டைபீரியஸுக்குப் போச்சு. பிரான்சில இப்ப லியோன் எண்டிற ஊரில அடிச்ச காசு, இந்தியப் பக்கத்துக்கு எக்கச்சக்கமா வந்தது, அதாலை இஞ்சத்தையக் கம்மாளர் பாத்து அடிச்ச நகலும் இருக்கு, எழுத்து வெறும் கோடும் குத்துமா இருக்கும். அதைப் போலி எண்டு எறிஞ்சுபோடாதேங்கோ, அதுவும் 2000 வருசப் பழசு, என்ர கணக்கில மூலக் காசைவிட அதுதான் எங்கட சரித்திரம்.

இப்பத்தையப் போலி வேற. நிறை 3.6 கிராமுக்கும் 3.9 கிராமுக்கும் இடையில வருதோ பாருங்கோ. விளிம்பைச் சுத்திப் பாருங்கோ, வாத்து எடுத்த காசெண்டால் ஒட்டின கோடு தெரியும், இல்லாட்டி அதை அராவி மறைச்ச அடையாளம் தெரியும், முகத்தில குட்டிக் குட்டிக் குமிழிப் பள்ளம் இருக்கும், எழுத்தின்ர ஓரம் சவர்க்காரம் கரைஞ்ச கணக்கா மழுங்கியிருக்கும். நல்ல காசு சுத்தியலால ஒவ்வொண்டா அடிச்சது, படம் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், ஓரம் வெடிச்சிருக்கும், ஒண்டை மாதிரி அச்சொட்டா இன்னொண்டு இராது. அதாலை அதே கீறல் அதே சரிவோட ரண்டாவது காசு எங்கயும் விலைக்கு நிக்குதெண்டால் கிட்டயும் போகாதேங்கோ. செம்புக்கு மேல வெள்ளித் தகடு போத்தின கள்ளக்காசு அந்தக் காலத்திலயே இருந்தது, தோல் உரிஞ்ச இடத்தில பச்சை தெரியும். அதுக்குத்தான் பழைய காசில சின்னச் சின்ன முத்திரைக் குத்தும் வெட்டும் கிடக்கிறது, வட்டிக்கடைக்காரன் உள்ள என்ன இருக்கெண்டு குத்திப் பாத்திருக்கிறான்.

எல்லாத்திலயும் முக்கியம், எங்கயிருந்து வந்ததெண்டு கடதாசி கேளுங்கோ. புரூட்டஸின்ர குத்துவாள் காசு தங்கத்திலயும் இருக்கு, அதில ஒண்டு 2020இல லண்டனில 27 லட்சம் பவுணுக்கு ஏலம் போனது. பேந்து அதின்ர பூர்வீகக் கடதாசி பொய்யெண்டு கண்டுபிடிச்சு 2023இல கிரேக்க நாட்டுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்தது. காசு உண்மைதான், வந்த வழிதான் பிழை.

கேள்வி: கிணறு தூர் வாரேக்க கறுத்துப்போன ஒரு காசு வந்தது. ஒரு பக்கம் மாடு படுத்திருக்கு, கீழ எழுத்து மாதிரி, மற்றப் பக்கம் ஆள் நிக்கிற மாதிரி. ரோமக் காசோ? புளி போட்டுத் தேய்ச்சுப் பாக்கட்டோ?
(வாசகர், புத்தூர்)

பதில்: ஐயா, தயவு செய்து தேய்க்காதேங்கோ! புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம். அந்தக் கறுப்புக்குள்ளதான் எழுத்து இருக்கு, அது போனா ஒருதராலயும் திருப்பித் தரேலாது.

நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் ரோமக் காசு இல்லை, அதைவிட எங்களுக்குக் கிட்டினது. படுத்திருக்கிற நந்தி, மேல பிறை, கீழ 'சேது' எண்ட தமிழெழுத்து இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியள் அடிச்ச சேதுக் காசு. ராமேஸ்வரத்துச் சேதுவைக் காக்கிறவை நாங்கள் எண்டு அந்த ராசாக்கள் நந்தியையும் ரண்டெழுத்தையும் வைச்சுச் சொன்னவை. மாட்டின்ர முதுகுக்கு மேலயும் காலுக்குக் கீழயும் ஒருக்கா நல்ல வெளிச்சத்தில சரிச்சுப் பாருங்கோ.

பாத்திட்டு, ரண்டு பக்கமும் அடிமட்டம் வைச்சுப் படம் எடுங்கோ, கிணத்தில எத்தினை முழத்தில வந்தது, சேத்தில வேற ஓடு, மணி ஏதும் வந்ததோ எண்டதை எழுதி வையுங்கோ, காசை வெறும் கடதாசியில சுத்தி வையுங்கோ, பிளாஸ்டிக் பையில போட்டால் ஈரம் பிடிக்கும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி மண்ணுக்குள்ள இருந்து வாற பழம்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமில்லை, அரசாங்கத்துக்கு அறிவிக்கவேணும். நாவலர் வீதியில இருக்கிற தொல்பொருள் நூதனசாலைக்கு ஒருக்காப் போய்க் கேளுங்கோ, ஆரிட்ட எப்பிடிக் குடுக்கிறதெண்டு சொல்லுவினம், பற்றுச்சீட்டு வாங்காமல் வராதேங்கோ. படத்தை எங்களுக்கும் அனுப்பிவிடுங்கோ, எழுத்து வாசிக்கக்கூடியதா இருந்தால் அடுத்த இதழில போடுவம், உங்கட பேரும் கிணறு இருக்கிற இடமும் வராது.